விரிப்புக்கு அப்பால் ஒரு எதிர்ச்சொல்

எதிரொலி நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லும். ஆகையால் அதற்கு யாரும் அஞ்சுவதில்லை. எதிர்ச்சொல் அப்படியன்று. அதைச் சொல்ல எதிரே ஒருவர் இருந்தாக வேண்டும்.

ஒரு விடுதியின் நிலவறையில் அக்காளும் தங்கையும் துணி தேய்த்து வந்தார்கள். கொடியில் தொங்கும் படுக்கை விரிப்புக்கு இப்புறம் ஒருத்தி, அப்புறம் ஒருத்தி. ஆங்கிலம் வந்தால் மேல்தளத்தில் வரவேற்பு மேசை வேலை கிடைக்கும் என்றார்கள். ஆகவே ஒருத்தி ஒரு சொல்லை வீசுவாள். மற்றவள் கையிலுள்ள மடிப்பு முடிவதற்குள் எதிர்ச்சொல்லைத் திருப்பி வீசவேண்டும். "ஹாட்" என்றால் "கோல்டு". "வெட்" என்றால் "டிரை". விரிப்பை விலக்கி எட்டிப் பார்க்கலாகாது. வந்த சொல்லுக்குப் பதில் தராமல் ஓயவும் கூடாது.

மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று அக்காளைக் கொண்டுபோயிற்று. வேலைக்குத் திரும்பிய தங்கையைப் பழக்கம் விடவில்லை; தானே சொல்லை வீசி, தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

"என்னம்மா, துணிக்குப் பாடம் எடுக்குறியா?" என்றார் மேற்பார்வையாளர்.

"துணியாவது எதிர்த்துப் பேசாதுண்ணே. உங்க வீட்ல எப்படி?"

"அத ஏன் கேக்குற! வாயத் தொறந்தா தொலைஞ்சேன்" என்று சிரித்தபடி அவர் படியேறிப் போனார்.

அவள் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி, "ஹெவி" என்றாள். பதிலுக்கு வாய் திறக்குமுன் விரிப்புக்கு அப்பாலிருந்து வந்தது: "லைட்."

அக்காளின் குரல்தான், சற்றே ஈரம் ஊறினாற்போல் இருந்தது. தங்கை பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். விரிப்பின் ஓரத்துக்கு அடியில் தரை தெரிந்தது, கால்கள் தெரியவில்லை.

"அக்கா... நீதானா?"

பதில் இல்லை. அக்குரலுக்கு எதிர்ச்சொல் மட்டுமே தெரிந்திருந்தது.

"ஃபுல்."

"எம்ப்டி."

"நியர்."

"ஃபார்" என்றது, முன்னிலும் அருகில்.

அவளுக்கு அக்காள் திரும்பி வரவேண்டும்; உலகில் வேறொன்றும் வேண்டாம். 'வா' என்று அழைத்தால் 'போ' என்றல்லவா பதில் வரும்? ஆகவே ஒரு தந்திரம் செய்தாள். போகச் சொல்லும் சொல்லை வீசினால் வரச் சொல்லும் சொல் வந்தே தீரும். சொல் வந்தால் பின்னாலேயே ஆளும் வந்துவிடுவாள். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, "கோ" என்றாள்.

"கம்" என்றது குரல்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வருகிறேன் என்று அது சொல்லவில்லை. வா என்று அவளை அழைத்தது. யாரோ பற்றி இழுப்பதுபோல் விரிப்பின் நடுவே அப்புறமாகக் குழி விழுந்தது. அவளைக் கேளாமலே அவள் கால் ஓரடி நகர்ந்தது. இன்னோரடி.

வந்த சொல்லுக்குப் பதில் தரவேண்டிய முறை இப்போது அவளுடையது. "கோ" என்றாள். அது பாதியில் நின்றது. தமிழில் சொல்ல முயன்றாள். யாரையும் வெறுமனே 'போ' என்று அனுப்பி அறியாத நாக்கு அது. 'போய்ட்டு வா' என்றே பழகியது. அந்த 'வா' நுனிநாக்குவரை வந்து நின்றது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினாள்.

"போக்கா" என்றாள். "போதும். போ."

விரிப்பு தளர்ந்து நேராகத் தொங்கிற்று. பெட்டிக்கு அடியில் துணி தீய்ந்துகொண்டிருந்தது. அவள் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.