எண்ணெய் குடித்த தோட்டாக்கள்

துரு என்றால் அக்காவுக்குப் பிறவிப் பகை. அவள் வேலை பார்த்தது, வங்கிகளுக்கும் நகைக்கடைகளுக்கும் காவலாளிகளை அனுப்பும் நிறுவனத்தில். அங்கே இருந்த இருபத்திரண்டு இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கும் அவள்தான் பொறுப்பு. ஆயுத அறையின் சாவி அவளிடம் வந்து பதினோரு வருடம். ஒரு பெண்ணிடம் கொடுப்பதா என்று முணுமுணுத்தவர்கள் எல்லாம் இப்போது அவளைப் பார்த்தால் துப்பாக்கியைத் துடைப்பதுபோல் பாவனையாவது செய்தார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் அவள் கணவர். அவரும் அங்கே காவலாளிதான்.

அது உப்புக் காற்று வீசும் ஊர். முன்பு ஒவ்வொரு காவலாளியிடமும் மூன்று புட்டிகள் இருந்தன. குழலுக்குள் படியும் கரியைக் கரைக்க ஒன்று, கீலுக்கு மசகெண்ணெய் ஒன்று, வெளியே பூசக் கெட்டிக் கிரீஸ் ஒன்று. நம் ஆட்கள் கிரீஸைக் கீலில் அப்பினார்கள், மசகெண்ணெயைக் கட்டையில் தடவினார்கள், கரி கரைப்பானைத் திறக்கவே இல்லை. வெறுத்துப்போன அக்கா, இரண்டு வருடங்களுக்கு முன்பு மூன்றுக்கும் பதிலாக ஒரே ஸ்ப்ரே தேடினாள். சும்மா தேடவில்லை. ஆறு வகை எண்ணெயை ஆறு இரும்புத் துண்டுகளில் அடித்து, மொட்டைமாடிக் கொடியில் நாற்பது நாள் தொங்கவிட்டாள். ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது. அதையே எடுத்துப்போய், எந்த ஸ்பேனருக்கும் மசியாத வாசல் கேட்டின் நட்டில் அடித்தாள். கால் மணி நேரத்தில் நட்டு விரலாலேயே கழன்று வந்தது. அன்றைக்கே முடிவாகிவிட்டது. துப்பாக்கிக்கு, கருவிகளுக்கு, பூட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். இடுப்புப் பட்டையில் செருகியிருக்கும் தோட்டாக்களின் பித்தளை பச்சை பூக்கிறதா, அதற்கும் காலையில் ஒரு அழுத்து, மாலையில் ஒரு அழுத்து.

வருடாந்தரச் சோதனைக்குப் பெட்டியிலிருந்து புதுத் தோட்டா எடுத்துப்போவது வழக்கம். இந்த வருடம் சுடுதளத்துக்குப் புதிதாக வந்திருந்த பயிற்சியாளர், ஓய்வு பெற்ற போலீஸ்காரர், அதற்கு ஒப்பவில்லை.

"புதுசு வெடிக்கும்னு எனக்குத் தெரியும்மா. பட்டையில இருக்கிறத எடு."

நகைக்கடைக் காவலாளியின் பட்டையிலிருந்து ஐந்தை வாங்கிவரச் செய்தார்கள். முதலாவது வெடித்தது. இரண்டாவது 'டிக்' என்றது, அவ்வளவுதான். தாமதித்து வெடித்தால் ஆபத்து என்பதால், முப்பது எண்ணும் வரை குழலை மண்மேட்டின் பக்கமே நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். அக்கா எண்ணினாள். அவளுக்கு அது முந்நூறு போல இருந்தது. நான்காவதும் டிக். பயிற்சியாளர் செத்த தோட்டாவை வாங்கி, அடியிலிருந்த சிறு கேப்பைக் கருவியால் கழற்றி மோந்து பார்த்தார். ஊசி அந்தக் கேப்பைத் தட்டினால்தான் உள்ளே மருந்து பற்றும்.

"நனைஞ்சிருக்கு. தண்ணியில்ல" என்று அவளிடம் நீட்டினார்.

மோந்து பார்க்கவே தேவையில்லை. அவள் எண்ணெயின் வாசனை அவளுக்குத் தெரியாதா? துருவேறிய நட்டுக்குள் நுழைகிற எண்ணெய் தோட்டாவுக்குள் மட்டும் கதவைத் தட்டிவிட்டா நுழையும்? நாற்பது நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தவள், இரும்பைத்தான் சோதித்தாள். தோட்டாவில் அடிக்கச் சொல்லும்போது தோட்டாவைச் சோதிக்கத் தோன்றவில்லை.

இருபத்திரண்டு பேர் ஊர் முழுக்க வாசலில் நிற்கிறார்கள். அதில் ஒருவர் அவள் வீட்டுக்காரர்.

மேலாளர் அதைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். "பதினோரு வருஷத்துல யாராவது ஒரு தடவையாவது சுட்டிருக்காங்களா மேடம்? அடுத்த மாசம் மெதுவா மாத்திக்கலாம்."

"சுட வேண்டிய அன்னைக்கு வெடிக்கணும் சார். இன்னைக்கே மாத்தணும்."

"சீல் வச்ச பெட்டியை உடைக்கணும்னா காரணம் எழுதித் தரணும். எண்ணெய்னு எழுதினா, அதை எடுத்துக் கொடுத்தது யாருன்னு மேலிடம் கேக்கும். சாவி உங்க கையில இருக்காது." அவர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "ஈரம்னு எழுதுங்க. ஈரத்துக்கு யாரும் பொறுப்பில்ல."

அவளுக்கு நேரம்தான் பெரிதாகப் பட்டது. சாவியும் பெரிதாகப் பட்டது, பொய் சொல்வானேன். ஈரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெட்டி உடைந்தது.

வேன் ஓட்டுநர் அன்று ஓட்டிய வேகத்துக்கு அவரைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் அக்கா இறங்கினாள், பழைய தோட்டாக்களை வாங்கி ஆள் பெயர் எழுதிய உறையில் போட்டாள், புதியதைக் கொடுத்தாள். "எண்ணெய் அடிக்காதீங்க, காரணம் அப்புறம் சொல்றேன்" என்றாள். அடகுக்கடையில் நின்றவருக்குக் கொட்டாவி என்று பட்டப்பெயர். அவருடைய எண்ணெய் டப்பா மூடிகூடத் திறக்கப்படாமல் கனத்தது. தோட்டாக்கள் பாசி பிடித்ததுபோல் பச்சையாக இருந்தன.

"அக்கா, நாளைக்குக் கண்டிப்பா துடைச்சிடுறேன்" என்றார் அவர், வாயைப் பொத்திக்கொண்டு. அன்று அவள் திட்டவில்லை. பச்சைத் தோட்டாக்களை உறையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள்.

கடைசியாகக் கணவர் நிற்கும் வங்கி. அவருக்கு அப்போதுதான் முறை முடிந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். வழியில் எல்லாவற்றையும் சொன்னாள், ஈரம் என்று எழுதியதைத் தவிர.

சுடுதளம் மூட ஒரு மணி நேரம் இருந்தது. எத்தனை பேர் வெறுங்கையோடு நின்றார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். உறைக்கு இரண்டு என்று எடுத்துச் சுட்டார்கள். ஒழுங்காகத் துடைப்பவர்களுடையது பாதிக்குமேல் புஸ்வாணம். கொட்டாவியின் பச்சைத் தோட்டா இரண்டும் காது கிழிய வெடித்தன. பயிற்சியாளர் சிரிப்பை அடக்க மிகவும் பாடுபட்டார்.

"என்னோடத நானே சுடுறேன்" என்றார் கணவர்.

டிக். முப்பது எண்ணினார்கள். மறுபடியும் டிக். இரண்டோடு நிறுத்த அவருக்கு மனமில்லை. உறையிலிருந்த ஆறையும் போட்டுப் பார்த்தார். ஆறும் செத்திருந்தன.

அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்து மேசையில் வைத்தார். "நீ சொன்னபடியே ரெண்டு வேளையும் அடிச்சேன். ஒரு நாள்கூட விட்டதில்ல. மத்தவங்க விட்டா உன் பேச்சை மீறினது. நான் விட்டா உன்னை விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடுமேன்னு."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. இரண்டு வருடம் இந்த மனிதரைத் தடிக்கம்போடு வாசலில் நிறுத்திவைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து இரண்டு பேருடைய கைபேசியும் ஒலித்தன. மேலிடத்திலிருந்து வந்த உத்தரவை மேலாளர் அப்படியே காவலாளிகள் குழுவுக்கு அனுப்பியிருந்தார். கணவர் வாசித்தார்.

"ஈரத்தால தோட்டாக்கள் பழுதாகியிருக்கிறது தெரிய வந்திருக்கு. புதுத் தோட்டாக்களுக்கு இனிமே தினமும் மூணு வேளை எண்ணெய் அடிக்கணும்." நிமிர்ந்து பார்த்தார். "ஈரமா? யார் சொன்னது?"

"நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

அவர் கைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். அதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம். காலையில் அவள் எழுதிய ஒரு சொல், இரண்டு வேளையை மூன்றாக்கிவிட்டது. மதியம் கொடுத்த புதுத் தோட்டாக்களுக்கு இப்போதே யாரோ டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருப்பார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை வாயருகே பிடித்தாள். குரல் பிசிறவில்லை.

"எல்லாரும் கேளுங்க. நான் அக்கா பேசறேன். தோட்டா கெட்டது ஈரத்தால இல்ல. நான் எடுத்துக் கொடுத்த எண்ணெயால. ஈரம்னு எழுதினதும் நான்தான், அது பொய். தோட்டாமேல ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. காய்ஞ்ச துணியால துடைங்க, போதும். இன்னைக்கு அடிச்சிருந்தா உடனே சொல்லுங்க, மாத்தித் தரேன்."

அனுப்பினாள். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் மேலாளர் கூப்பிட்டார். அவர் பேசியது பயிற்சியாளருக்கும் கேட்டது. உங்கள் பெயரை நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள், இனி என்னால் ஒன்றும் செய்ய முடியாது, சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

"சரி சார். காலைல வச்சிடுறேன்" என்றாள் அவள். "இன்னைக்கு வரைக்கும் அது என்கிட்டதானே இருக்கு. இருபத்திரண்டு டப்பாவும் இன்னைக்கே ஆயுத அறைக்குள்ள வந்துடும்."

கணவர் முன்னால் நடந்து வேன் கதவைத் திறந்தார். "முதல்ல யார்கிட்ட?" என்றார் ஓட்டுநர்.

"நகைக்கடைக்கு விடுங்க. அவர் ஒழுங்கான ஆள், இந்நேரம் மூணாவது வேளை அடிச்சிருப்பார்."