கயிற்றுக்கு வெளியே

"கையை எடு அண்ணா."

"தொடலையே. சும்மா நீட்டினேன்."

"நீ சும்மா நீட்டினாலே அதுல ஸ்பேனர் இருக்கும். பாக்கெட்ல வை."

அண்ணன் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் திணித்துக்கொண்டான். அவனுக்கும் தங்கைக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு. உள்ளே அவளும் பந்தய வண்டியும். பல நாள் ஓடும் காட்டுவழி மோட்டார் சைக்கிள் பந்தயமான எண்டியூரோவில் ஓட்டுகிறவரேதான் வண்டியைச் சரிசெய்ய வேண்டும். இரவெல்லாம் பூட்டிவைத்த வண்டிகளைக் காலையில் திறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பத்தே நிமிடம். துணைக்கு வந்தவர் வாயால் எதையும் சொல்லலாம். விரல் பட்டால் பந்தயம் முடிந்தது.

அந்த என்ஜினைக் கடைசி நட்டுவரை கோத்தவன் அவன். இப்போது வேடிக்கை பார்க்கிறான்.

"டயர் லீவரை இன்னும் உள்ளே விடு. வலது கையால அழுத்தாதே."

"பின்னே எதால, மூக்காலயா?"

நேற்று பாறைச் சரிவில் விழுந்ததில் அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஆனால் பின் டயர் மொட்டையாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். சுற்றிலும் வண்டிகள் இருமி இருமி விழித்துக்கொண்டிருந்தன. அவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றான்.

அவர்கள் கம்பெனி சேற்றுக்கும் கல்லுக்கும் மட்டுமே வண்டி செய்து பேர் வாங்கியது. ஜெயித்த வண்டியைக் கழுவ மாட்டார்கள். சேறும் சகதியுமாக வாசல் கூடத்தில் நிறுத்திவிடுவார்கள். காய்ந்த மண் தரையில் உதிரும். பெருக்குகிற அக்கா, "இங்கே குப்பைக்குத்தான் மரியாதை" என்பாள். கடைசியாக ஒரு வண்டி அங்கே வந்து நின்றபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

போன மாதம் முதலாளியம்மா பட்டென்று சொல்லிவிட்டார். "ஜெயிக்கக்கூட வேண்டாம்பா. வண்டி முழுசாப் போய்ச் சேரட்டும். இல்லேன்னா பந்தயப் பிரிவை மூடிட்டு, காய்கறி வாங்கப் போற வண்டியா செய்வோம்."

தங்கையை நம்பி வண்டி கொடுத்த ஒரே கம்பெனி அதுதான்.

அவள் புது டயரை மாட்டி, சக்கரத்தை உருட்டி வந்து, அதன் இடத்தில் தூக்கிப் பொருத்தினாள். அச்சைச் செருகத் துளை சேரவில்லை. குனிந்து விரல்களை உள்ளே விட்டுத் தடவினாள்.

"கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம்..."

ஈர மண்ணில் ஸ்டாண்ட் புதைந்தது. வண்டி மெதுவாக, யோசித்துவிட்டுச் சாய்வதுபோல, அவள் பக்கமாகச் சாய்ந்தது.

அவன் கைகள் எப்போது வெளியே வந்தன என்று அவனுக்கே தெரியாது. கயிறு வயிற்றில் அழுந்த, சீட்டைப் பிடித்து இழுத்து நிமிர்த்திவிட்டான்.

"விடு!" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

விட்டான். வண்டி நின்றது. பக்கத்து இடத்தில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த சுருட்டைத் தலையன், வேறு கம்பெனிக்காரன், அவர்களையே பார்த்தான். பிறகு சொட்டு சொட்டாக எண்ணெய் விடத் தொடங்கினான், உலகத்தில் அந்தச் செயினைத் தவிர வேறெதுவும் இல்லாததுபோல.

அச்சு உள்ளே போனது. நட்டு இறுகியது. என்ஜின் முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் எப்போதும் அவனுக்குத் தூக்கத்தில்கூட இனிக்கும். இன்று நெஞ்சுக்குள் இடித்தது.

கயிற்றடைப்பின் வாசலில் கொடியோடு நின்ற நடுவரம்மா, என்ஜினை யாரும் மாற்றாமலிருக்க அதன்மேல் வைத்த வண்ணப் பொட்டுகளைக் குனிந்து சரிபார்த்தார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"வெளியாள் கை பட்டுச்சா?"

"இல்லைம்மா."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நடுவரம்மா கயிற்றோரம் அவனிடம் திரும்பினார். துணையாளிடமும் கேட்க வேண்டும் என்பது விதி.

"நீங்க சொல்லுங்க தம்பி. தொட்டீங்களா?"

தங்கை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவனைப் பார்த்தாள். வீங்கிய கை ஆக்ஸிலரேட்டரைத் திருகத் துடித்தது.

"அண்ணா," என்றாள், "என்னைப் போக விடேன்."