நாற்காலி மேல் ஒரு கவுன்சிலர்

எங்கள் மாநகராட்சியில் ஏழாம் வார்டு கவுன்சிலருக்கு 'ஒத்திவைப்பு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருக்கிறது, தேர்தலுக்குத் தேர்தல் சுவரில் எழுதுவார்கள், மற்ற நாட்களில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. எந்தத் தீர்மானம் வந்தாலும் மனிதர் மெதுவாக எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாமே" என்பார். ஒரு பேருந்து நிழற்குடையை ஒத்திவைத்து ஒத்திவைத்து, கடைசியில் அந்த வழியாகப் போன பேருந்தையே நிறுத்திவிட்டார்கள். "பாத்தீங்களா, அவசரப்பட்டுக் கட்டியிருந்தா வீணாப் போயிருக்கும்" என்று அன்று அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன்.

நான் அதே மாநகராட்சியில் சாலைப் பிரிவுப் பொறியாளர். என் சாலைகளை அவர் ஒத்திவைத்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் பெண்ணின் கல்யாணத்தையும் ஒத்திவைத்தால் எந்த அம்மா பொறுப்பாள்?

என் பெண்ணும் அவருடைய பையனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். எங்களுக்குச் சம்மதம். நானும் என் வீட்டுக்காரரும் மழைக்காலத்தில் ஒரு ஸ்வீட் டப்பாவோடு அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அருமையாக வரவேற்றார். தன் கையால் காபி போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கலந்து பேசிச் சொல்றேன்" என்றார். அந்த வீட்டில் அவரும் பையனும் மட்டும்தான், மனைவி தவறிப் பல வருஷமாகிறது. பையன் ஏற்கெனவே எங்கள் பக்கம். பிறகு யாரோடு கலந்து பேசுகிறாராம், சுவர்க் கடிகாரத்தோடா? மழை போய், குளிர் போய், வெயிலும் வந்துவிட்டது.

இதற்குள் பையனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கிளம்புகிறான். "அப்பா வாயால சரின்னு சொல்லாம நான் பண்ணிக்க மாட்டேன் அத்தை" என்று என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டான். நல்ல பிள்ளை, அதுதான் தொல்லை. அப்பாவை மீறி வா என்று என் பெண்ணும் கூப்பிட மாட்டாள். மூன்று வாரமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் எங்களுக்கு முகாம். மன்ற உறுப்பினர்களும் அலுவலர்களும் ஒருவரோடு ஒருவர் இணக்கமாகப் பழகி, அடுத்த பதினைந்து வருஷத்துக்கான தொலைநோக்குத் திட்டம் வகுக்க வேண்டுமாம். காலையில் நான் செருப்பைப் போடும்போது என் பெண் வாசலில் வந்து நின்றாள். "அம்மா, இன்னிக்கு பூரா அவரோட ஒரே ஹால்ல இருக்கப்போற. பதில் இல்லாம வராத."

"வந்தாலும் பரவாயில்ல, வரும்போது பால் வாங்கிட்டு வா" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

ஊருக்கு வெளியே ஒரு விடுதி. ஹாலில் ஏ.சி. இரண்டே நிலையில் வேலை செய்தது: நடுக்கம் அல்லது புழுக்கம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மேயர் அம்மா உள்ளே வந்ததும், "மேடை எங்க?" என்றார். மேடை இல்லாததால் யார் யாரைப் பார்த்து முறைப்பது என்று உறுப்பினர்களுக்குப் புரியவில்லை. அலுவலர்கள் நாங்கள் வழக்கம்போல் கதவோரமாக ஒண்டிக்கொண்டோம்.

முகாமை நடத்த வந்த பயிற்சியாளர் உடம்பைப் பிடித்த சட்டையில் இருந்தார். எதற்கெடுத்தாலும் "சூப்பர்!" என்பார். முதல் விளையாட்டாக, அவரவர் எந்த விலங்கு மாதிரி என்று சொல்ல வேண்டும் என்றார். மேயர் அம்மா, "சிங்கம்." அவர் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையாகச் சிங்கம். எதிர்க்கட்சியில் எல்லாரும் புலி. ஆணையர், "இது சம்பந்தமா மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். துப்புரவுப் பணியாளர் சங்கத் தலைவர், "எந்த விலங்குன்னாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை செய்யாது, எழுதிக்குங்க" என்றார். ஒத்திவைப்பின் முறை வந்தது. கண்ணாடியைக் கழற்றினார். "மதியத்துக்கு மேல சொல்றேனே."

"சூப்பர்!" என்றார் பயிற்சியாளர்.

பிறகு தொலைநோக்கு வாசகம். 'தூய்மையான, பசுமையான நகரம்' என்று யாரோ எழுத, பூங்காப் பிரிவு அதிகாரி 'பசுமை' முன்னால் வர வேண்டும் என்றார். சுகாதார அதிகாரி விடவில்லை. இருவரும் ஒரே சார்ட் தாளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க, 'தூய்மையான' தனியாகக் கிழிந்து சுகாதார அதிகாரி கையோடு போய்விட்டது. வாக்கெடுத்தால் இரண்டு பக்கமும் சமம். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாமே" என்றார் ஒத்திவைப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாரும் அவருக்குக் கைதட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அவரைப் பிடிக்கப் பார்க்கிறேன். தண்ணீர் குடிக்கிற இடத்தில் மடக்கினால், அடிக்காத போனை எடுத்து "ஹலோ" என்று நழுவினார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு எதிர்க்கட்சிக்காரர்களுக்கு நடுவில் போய்ப் புகுந்துகொண்டார். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. இப்படியே சாயங்காலமாகிவிட்டால் என் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன்?

சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சியாளர் உயரமான ஒரு நாற்காலியை நடுவில் போட்டார். ஒருவர் அதன் மேல் ஏறி, கண்ணை மூடி, அப்படியே பின்பக்கமாகச் சாய வேண்டும். கீழே எட்டுப் பேர் இரண்டு வரிசையாக நின்று கைகளை நீட்டித் தாங்கிப் பிடிக்க வேண்டும். "இதுதான் நம்பிக்கை! சூப்பர்!" யார் ஏறுவது என்று சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். முதலில் ஆணையர் ஏறி, விறைப்பாக அப்படியே விழுந்து, எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு போனார். அடுத்த சீட்டில் வந்தது ஏழாம் வார்டு.

முழங்கால் வலிக்காரர். அவரை ஏற்றிவிடவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஏறி நின்று, கண்ணாடியைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்து, கைகளை மார்பில் கட்டி, கண்ணை மூடினார். நாங்கள் எட்டுப் பேரும் கைகளை நீட்டினோம். நான் கடைசி ஆள்.

"ஒரு நிமிஷம்" என்றார்.

கொடுத்தோம். அது போய் இன்னும் பல நிமிஷமும் போயிற்று. "இத டீக்கு அப்புறம் வெச்சுக்கலாமே?"

"எறங்கக் கூடாது சார்! எறங்கினா நம்பிக்கை தோத்துடும்" என்றார் பயிற்சியாளர்.

தோற்கவும் அவருக்கு மனசில்லை, விழவும் தைரியமில்லை. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றார். எங்கள் கைகள் கடுக்க ஆரம்பித்தன. சங்கத் தலைவர், "இப்படி நிக்க வெச்சா மாத்து ஆள் போடணும்" என்று கொடி பிடித்தார். நேரம் வீணாகிறதே என்று மேயர் அம்மா குடிநீர்க் குழாய்த் திட்டத்தை எடுத்தார். நாங்கள் கையை நீட்டியபடியே பேசினோம், அவரும் நாற்காலி மேலிருந்து கண்ணை மூடியபடியே கருத்துச் சொன்னார். என்ன கருத்து என்று நான் சொல்ல வேண்டுமா?

கடைசியில் மேயர் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இத முறைப்படி முடிச்சிடுவோம். ஏழாம் வார்டு உறுப்பினர் விழணும்னு தீர்மானம். முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்" என்றார் ஒரு சிங்கம்.

அந்தச் சமயத்தில்தான், வெட்கத்தாலோ கால் வலியாலோ தெரியவில்லை, ஒத்திவைப்பு உண்மையாகவே லேசாகப் பின்னால் சாயத் தொடங்கினார்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் மேயர் அம்மா.

எட்டுப் பேரும் கையைத் தூக்கிவிட்டோம். அலுவலர்களுக்கு ஓட்டே கிடையாது, ஆனாலும் நாங்களும் தூக்கினோம். அவர் ஒரு கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தார். கீழே தாங்க ஒரு கை இல்லை, எல்லாக் கையும் தலைக்கு மேலே இருந்தது. மனிதர் காற்றில் நீச்சலடித்து எப்படியோ நிமிர்ந்துவிட்டார்.

"பாத்தீங்களா!" என்று அலறினார். "இதுக்குத்தான் நான் எதையும் அவசரப்பட்டுச் செய்யறதில்ல!"

"தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்று மேயர் அம்மா அறிவித்தார். தீர்மானம் நிறைவேறிவிட்டால் எங்கள் ஊர் வழக்கப்படி வேலை முடிந்த மாதிரிதான். பக்கத்து அறையில் டீ வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, பயிற்சியாளர் உட்பட மொத்தக் கூட்டமும் கலைந்தது. அவர் நாற்காலி மேலேயே இருக்கிறார் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

நான் யோசித்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே நின்றேன்.

"இன்ஜினியர் மேடம், ஒரு கை குடுத்தா எறங்கிடுவேன்" என்றார்.

"குடுக்கிறேன். முதல்ல பதில் சொல்லுங்க. எம் பொண்ணு மேல என்ன குறை?"

"ஐயோ, தங்கமான பொண்ணும்மா."

"எங்க குடும்பத்து மேல?"

"உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் அதிகமா பேசறார். அத விட்டா ஒண்ணுமில்ல."

"அது எனக்கும் தெரியும். அப்புறம் என்னதான் சார்? எம் பொண்ணு சாப்பிட மாட்டேங்கறா, தூங்க மாட்டேங்கறா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லித் தொலைங்க! பஸ் ஸ்டாப்புன்னு நெனச்சீங்களா அவள?"

கத்திவிட்டேன். மன்ற உறுப்பினரிடம் அப்படிப் பேசினால் வேலைக்கே உலை வைத்துவிடும் என்று தெரியும். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், துடைக்காமல் அப்படியே மாட்டிக்கொண்டார்.

"நான் சரின்னு சொன்னா தேதி குறிப்பீங்க" என்றார். "தேதி குறிச்சிட்டா நாள் ஓட ஆரம்பிச்சிடும்மா. சொல்லாத வரைக்கும் அவன் தினம் வீட்டுக்கு வர்றான், 'அப்பா, சாப்டியா'ன்னு கேக்கறான். அந்த ஒரு வார்த்தைக்காக இழுத்துக்கிட்டே இருக்கேன். தப்புதான். ஆனா அவனும் போயிட்டா அந்த வீட்டுல நான் யாருக்கு காபி போடுவேன்?"

என் கோபம் எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை. இந்த மனிதரையா இத்தனை மாசமாகக் கரித்துக்கொட்டினேன்?

"சார், திங்கட்கிழமை அவன் எப்படியும் போறான். நீங்க சரின்னாலும் போறான், சொல்லாட்டியும் போறான். மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போகணுமா, சிரிச்சுக்கிட்டுப் போகணுமா, அது மட்டும்தான் உங்க கையில இருக்கு. கல்யாணம் ஆனா எம் பொண்ணும்தான் கூடப் போறா. எங்க வீடும்தான் வெறிச்சுனு ஆகப்போகுது. பேசாம தினம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்துடுங்க. எங்க வீட்டுக்காரர் பேசறத இத்தனை வருஷம் நான் ஒருத்தியே கேட்டுட்டேன். இனிமே பாதி நீங்க கேளுங்க."

அவர் சிரித்தார். நாற்காலி ஆடியது. எனக்குத்தான் பகீரென்றது.

"நான் இப்ப சாஞ்சா பிடிப்பீங்களா?" என்றார்.

"எட்டு பேர் வேலை சார் அது. பிடிச்சிடுவேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்த இடத்த விட்டு நகர மாட்டேன்."

திரும்பி நின்றார். கண்ணாடியைப் பையில் வைத்தார். நான் பின்னால் போய்க் காலை அகட்டி, கைகளை நீட்டினேன். பாலத்துக்குப் பாரம் கணக்குப் போட்டவள் நான். இந்தக் கணக்கு தேறாது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரு நிமிஷம் கேட்பார், அதற்குள் யாரையாவது கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

கேட்கவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டார்.

பிடித்தேன் என்று சொல்ல முடியாது. நடுவில் இருந்தேன், அவ்வளவுதான். இருவரும் கம்பளத்தில் போய் விழுந்தோம், நான் அடியில். இடது மணிக்கட்டில் ஏதோ சுளீரென்றது. அவர் உருண்டு எழுந்து, முழங்கால் வலியெல்லாம் மறந்து, என் பக்கத்தில் மண்டியிட்டார்.

"ஐயையோ, சம்பந்தியம்மா! அடி பட்டுடுச்சா? சம்பந்தியம்மா, பேசுங்க!"

சத்தம் கேட்டு எல்லாரும் டீக் கோப்பைகளோடு ஓடி வந்தார்கள். "சூப்பர்!" என்று பயிற்சியாளர் கைதட்டினார். மேயர் அம்மா என்னைக் குனிந்து பார்த்து, "யாராவது ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கப்பா" என்றார்.

"ஆம்புலன்ஸ் இருக்கட்டும் மேடம்" என்றேன் கூரையைப் பார்த்தபடி. "முதல்ல எம் பொண்ணுக்கு போன் போட்டு, இவர் வாய்கிட்ட வைங்க."

வலியில் உயிர் போயிற்று. இருந்தாலும் நான் எழுந்திருக்கவில்லை. அவள் காதில் விழுகிற மாதிரி அவர் இன்னொரு தடவை அப்படிக் கூப்பிடட்டும் என்று அப்படியே கிடந்தேன்.