குறுக்கில் வெட்டிய மரங்கள்

அன்று காலை கொருக்குப்பேட்டை அட்டைப்பெட்டிக் கூடத்தில் இருந்தவர்கள்: முதலாளி கமாலுதீன், மேஸ்திரி வால்டர், அச்சு வைத்துத் தாள் வெட்டும் டை இயந்திரத்தை மிதிக்கும் அமீர், பசை ஒட்டும் ஹில்டா. நடுவில் மேஜைமேல், வளைந்துபோன வாழ்த்து அட்டைகள் முன்னூறு. வெளியே மூன்றாம் நாளாக மழை.

அறுபத்தெட்டு டிசம்பர். ஒரு கப்பல் கம்பெனி சீமைக்கு அனுப்பக் கேட்ட பனிக்கால வாழ்த்து. மாதிரியை வீட்டில் உட்கார்ந்து பிளேடால் வெட்டிச் செய்தவள் ஹில்டா. பின்னால் நீல வானம், அதன்மேல் வெள்ளை மேடுகள், பிறகு ஜன்னல் திறந்த வீடு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசியிலை மரங்கள். அடுக்குக்கு அடுக்கு தக்கைத் துண்டு வைத்து ஒட்டினால் வீடு மரத்துக்குப் பின்னால் தள்ளி நிற்கும். பனியை அவள் எங்கே கண்டாள்? எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தில் குவித்திருந்த உப்பைப் பார்த்து வரைந்தாள்.

"இன்னாக்கா, உப்பு மூட்டைக்கா வாழ்த்து?" என்று அமீர் போன வாரம் சிரித்தான்.

இன்று யாரும் சிரிக்கவில்லை. மரங்கள் தக்கையை விட்டுப் பெயர்ந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி ஆள் வந்துவிடுவான். யார் செய்த தப்போ, அவர் இன்றோடு வேலையை விட்டுப் போகவேண்டும் என்று கமாலுதீன் சொல்லிவிட்டார்.

"பசையில தண்ணி ஊத்திக்கீறா பாய்," என்றார் வால்டர். "கஞ்சி மாதிரி கீது. மரம் எப்டி நிக்கும்?"

"கஞ்சியா? உன் வாயில தடவட்டா மேஸ்திரி? தொறக்க முடியுதான்னு பாப்போம்," என்றாள் ஹில்டா.

ஹில்டாவுக்குக் காரணம் தெரியும். காகிதத்தில் நார் ஓடுகிறது. எல்லா அடுக்கிலும் அது ஒரே திசையில் ஓடினால் ஈரத்தில் எல்லாம் சேர்ந்து உப்பும், சேர்ந்து அடங்கும். ஒன்று மாறினாலும் ஒன்றையொன்று இழுத்துப் பிய்த்துக்கொள்ளும். மரத்தாளைக் குறுக்கே திருப்பி வைத்தால் தாளுக்கு இரண்டு மரம் கூடுதலாக விழும். வால்டர் திருப்பி வைத்தார். மிச்சமான தாள் அவர் சைக்கிள் கேரியரில் வீட்டுக்குப் போனது.

"அமீரு, தாள யாரு திருப்பச் சொன்னது? சொல்லு."

அமீர் மிதிகட்டையைப் பார்த்தான். "எனக்கு இன்னாக்கா தெரியும்? குடுத்தத மிதிக்கிறேன்."

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. பொய் வால்டரின் பிழைப்பு. இவன் தினமும் அவள் டிபன் டப்பாவில் கை வைத்துத் தின்றவன்.

ஒரு அட்டையை எடுத்துப் பிய்த்தாள். வானத்தையும் மரத்தையும் நேராகப் பக்கத்தில் வைத்து, ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள். வானம் இடமும் வலமுமாகச் சுருண்டது. மரம் மேலிருந்து கீழாகச் சுருண்டது.

"பசையே இல்ல, பாத்தீங்களா பாய்? ஒண்ணு நெடுக்கு, ஒண்ணு குறுக்கு."

கமாலுதீன் இருபது வருடமாகக் காகிதத்தில் புழங்குகிறவர். பார்த்ததும் புரிந்தது. வால்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"கம்பெனிலேர்ந்து வர்றது என் மச்சான் பாய்," என்றார் வால்டர். "நான் சொன்னாத்தான் அடுத்த ஆர்டரு."

கமாலுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹில்டா, பசைதான்னு ஒத்துக்கம்மா. ரெண்டு மாசம் வூட்ல இரு. அப்பால கூப்புடுறேன்."

"உங்க கண்ணு முன்னால தானே சுருண்டுச்சு?"

"சுருண்டுச்சு."

அவள் டிபன் டப்பாவைத் திறந்து சோறு முழுவதையும் வால்டரின் மேஜைமேல் கவிழ்த்தாள்.

"சோத்தக் கொட்டறியே, நீ பொம்பளையா?"

"துன்னு. அமீருக்கும் குடு. அவனுக்குப் பழக்கம் கீது."

முந்தானையால் டப்பாவைத் துடைத்தாள். சுவரில் குத்தியிருந்த மாதிரி அட்டையைப் பிடுங்கி, சுருண்ட இரண்டையும் சேர்த்து உள்ளே வைத்து மூடினாள்.

"ஏய், அது கம்பெனி சொத்து!"

"என் கைல வெட்னது. அந்த ஆபீசுல உன் மச்சான் ஒருத்தனா கீறான்? அவனுக்கு மேல கீறவன் மேஜைல ஒரு கிண்ணி தண்ணி வெச்சாப் போதும்."

மழையில் இறங்கினாள். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, கப்பல் கம்பெனி ஆபீஸ் இருக்கும் துறைமுகத்துப் பக்கம் திரும்பினாள்.

"அமீர்," கமாலுதீன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "கதவச் சாத்து. திரும்பி வந்தா தொறக்காத."

அமீர் இயந்திரத்தை விட்டு எழுந்தான். கதவு சாத்தும் சத்தம் அவளுக்குக் கேட்டது. பிறகு பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.