ஒரு சிரமமும் இல்லை

இங்கிலாந்தில், எங்கள் ஸ்கார்பரோவில் யாராவது நன்றி சொன்னால் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. உடனே தட்டிவிட வேண்டும். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லலாம், எனக்கும் சந்தோஷம்தான் என்று சொல்லலாம். முதுகு ஒடிந்திருந்தாலும், ஒரு சிரமமும் இல்லை என்று சொல்லலாம். லோர்னாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அவள் அம்மா எனிட். சின்ன வயதில் லோர்னா பக்கத்து வீட்டுக்கு நிலக்கரி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அந்த அம்மாள் நன்றி சொன்னதும், ரொம்பக் கனமாக இருந்தது என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் எனிட் கதவைச் சாத்திவிட்டுத் தொடையில் நிமிண்டிய இடம் கன்றிப்போனது.

பாடம் நன்றாகவே ஏறியது. எனிட்டுக்குக் கண் போய், படுக்கையும் நாற்காலியுமாக ஆனபிறகு லோர்னாதான் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, ஈரத்துணி மாற்றுவது, கேட்ட பதத்தில் முட்டை வேகவைப்பது, பதம் தப்பினால் இன்னொரு முட்டை வேகவைப்பது. தங்கை பமீலா கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும், காரில் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் ஹாரகேட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவோடு வருவாள். போகும்போது காரில் ஏறிக்கொண்டே அக்காவுக்கு நன்றி சொல்வாள். ஒரு சிரமமும் இல்லை என்பாள் லோர்னா. எனிட் பிஸ்கட்டுக்கு நன்றி சொல்வாள், தபால்காரருக்கு நன்றி சொல்வாள், லோர்னாவுக்கு மட்டும் சொன்னதில்லை. பெற்ற பெண்ணுக்கு எதற்கு என்பது அவள் கட்சி. பமீலாவும் பெற்ற பெண்தான் என்பதை யார் போய் எடுத்துச் சொல்வது?

இந்த வருஷம் லோர்னாவின் இடுப்பு மூட்டு தேய்ந்து, மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்க முடிந்தது. வெகுநாள் காத்திருந்து ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. அதை விட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், அதற்குள் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு தேறும்வரை அம்மாவை வைத்துக்கொள்ளும்படி பமீலாவிடம் போனில் கேட்டாள்.

புது வீட்டில் தரைவிரிப்பு வெள்ளை என்றாள் பமீலா. கணவருக்கு ரத்த அழுத்தம் என்றாள். பிறகு குரல் மாறியது.

"திடீர்னு இப்படிக் கேட்டா எப்படிக்கா? ஒவ்வொரு தடவையும் நான் நன்றி சொல்றேன், நீயும் ஒரு சிரமமும் இல்லங்கற. சிரமம்னு ஒரு தடவை சொல்லியிருந்தா ஏதாவது யோசிச்சு வச்சிருப்போம்ல?"

லோர்னா போனை வைத்தாள். எனிட்டுக்குக் கண்தான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்டது.

"அவளை ஏன்டி தொந்தரவு பண்ற? உன் இடுப்புக்கு ஒண்ணுமில்ல. சின்னதுலேர்ந்தே நீ மூக்கால அழறவதான். முட்டை என்னாச்சு?"

லோர்னா முட்டையை வேகவைத்துக் கொடுத்தாள். மறுநாளே ஊருக்கு வெளியே இருந்த முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பேசி முடித்தாள். அம்மாவிடம், பமீலா மனசு மாறிக் கூப்பிடுகிறாள் என்று சொன்னாள். எனிட்டின் முகம் பூத்துவிட்டது. நல்ல கோட்டை எடுக்கச் சொன்னாள், உதட்டுச்சாயம் பூசிவிடச் சொன்னாள். லோர்னா செய்த பழக் கேக்கைத் தான் செய்ததாகச் சொல்லிப் பமீலாவிடம் கொடுக்க மடியில் வைத்துக்கொண்டாள். ஹாரகேட் தூரம் வர வேண்டுமே என்று லோர்னா ஊரையே சுற்றிச் சுற்றிக் காரை ஓட்டினாள். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. வழியெல்லாம் எனிட் பமீலாவின் பெருமையைப் பேசிக்கொண்டு வந்தாள்.

இல்லத்தில் ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். எனிட் நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்து, நல்ல துணி என்றாள். பக்கத்தில் யாரோ ஒரு கிழவர் இருமினார். மாப்பிள்ளையா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் லோர்னா. பமீலா எங்கே என்றதற்கு, டீ போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றாள்.

லோர்னா குனிந்து கோட்டுப் பொத்தானைக் கழற்றியபோது எனிட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொண்டுவந்து விட்டதுக்கு நன்றிடி லோர்னா. உனக்குத்தான் சிரமம்."

அந்த ஒரு வார்த்தைக்காக லோர்னா எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள். இப்போது அது வந்தபோது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக் கேக் டப்பாவின் மேல் வைத்தாள்.

"ஒரு சிரமமும் இல்லம்மா" என்றாள்.

தொடை கன்றிய நாளிலிருந்து அவள் அதைப் பொய்யில்லாமல் சொன்னது அன்றைக்குத்தான்.