நேரத்துக்கு வெளிக்கிட்ட படகு

வேலணைத் தில்லைநாதன் மாஸ்ரருக்கு உலகத்திலேயே பெரிய கடையிலிருந்து கடிதம் வந்த செய்தி, அவர் அதை வாசித்து முடிக்கும் முன்பே அனலைதீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. தீவுப்பகுதியில் செய்திக்குப் படகு தேவையில்லை, ஆட்களுக்குத்தான் தேவை.

மாஸ்ரர் நாற்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஓய்வு பெற்ற மற்றவர்கள் கோயில் திருப்பணிச் சபையில் சேர்ந்து சண்டை பிடிக்க, அவர் அறையைச் சாத்திக்கொண்டு கணினியோடு சண்டை பிடித்தார். மூன்று வருடச் சண்டை. கடைசியில் களைத்தது கணினிதான். அப்படிப் பிறந்த செயலிக்கு அவர் 'துறைமணி' என்று பெயர் வைத்தார். கடையில் கொண்டுபோய் வைத்தார். கடை என்றால் சந்தியில் இருக்கிற கடை அல்ல, போனுக்குள்ளே இருக்கிற கடை. செயலிகளெல்லாம் அங்கேதான் விற்பனைக்குத் தொங்கும்.

துறைமணி செய்யும் வேலை சின்னது. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகோட்டி மிரோஜன் கயிற்றை அவிழ்க்கும்போது தன் போனில் ஒரு பொத்தானை அமத்துவான். அந்த நொடியிலேயே அக்கரையில், அனலைதீவில், துறைமணி வைத்திருப்பவர்களின் போன்கள் எல்லாம் அடிக்கும். படகு வெளிக்கிட்டுவிட்டது, முக்கால் மணித்தியாலத்தில் வந்துவிடும் என்று அர்த்தம்.

அதைப் போனில் ஒரு வரியாகக் காட்டுவது இலவசம். மணி அடிப்பதற்குத்தான் காசு. ஏனென்றால் அந்த மணி, போன் மௌனத்தில் கிடந்தாலும் அடிக்கும். அனலைதீவில் மௌனத்தில் கிடக்காத போன் கிடையாது. அந்தச் சின்னத் தீவில் இருப்பவர்களைவிட அவர்களின் சொந்தக்காரர் கனடாவிலும் பாரிசிலும் சுவிசிலும் பத்து மடங்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவிலும் விடியாத ஏதோ ஒரு நாட்டிலிருந்து 'காலை வணக்கம்' ரோசாப்பூ. நண்டு வாங்கி அனுப்பும் கிறேஸ் ஒருநாள் துணிந்து மௌனத்தை எடுத்துப் பார்த்தாள். பாரிசில் இருக்கும் ஐந்து சகோதரிகளும் ஒரு சீலையின் நிறத்தைப் பற்றி விவாதித்த நாள் அது. நானூறு தரம் போன் கத்தியது. படகு வருவதற்கு முன்னமே பற்றரி செத்துவிட்டது.

மாஸ்ரர் முதலில் வைத்தது சங்கொலி. அடித்த முதல் நாள் பாதித் தீவு செத்த வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு ஒழுங்கைக்கு வந்துவிட்டது. பிறகு கோயில் மணி ஒன்றும் மாதாகோயில் மணி ஒன்றுமாக மாற்றி, விரும்பியதை எடுக்கலாம் என்றார். மூன்றே நாளில் சைவர்கள் முழுப்பேரும் மாதாகோயில் மணிக்கு மாறிவிட்டார்கள். அதுதான் சத்தம் கூடவாம்.

இருநூற்று நாற்பத்திமூன்று பேர் மணியை வாங்கினார்கள். முதல் ஆள் கிறேஸ். "எத்தினை வருசத்துக்கு மாஸ்ரர்?" என்று அவள் துறையில் வைத்து எல்லோர் முன்னாலும் கேட்டபோது, மாஸ்ரர் நெஞ்சை நிமிர்த்தி, "சீவியகாலத்துக்கும்" என்று சொல்லியிருந்தார். யாருடைய சீவியம் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

கடை எழுதிய கடிதத்தின் சுருக்கம் இதுதான். போனை மௌனமாக வைத்திருப்பவரின் விருப்பத்தை மீறி எந்தச் செயலியும் சத்தம் போடக் கூடாது. உங்கள் செயலி போடுகிறது. பதினான்கு நாளுக்குள் அந்த வசதியை எடுத்துவிட வேண்டும். தவறினால் செயலியையே எடுத்துவிடுவோம்.

மாஸ்ரர் பதறவில்லை. மேலிடத்துக்கு எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியும். அரசாங்கக் கச்சேரிக்கு எழுதுவது போல, 'மேன்மை தங்கிய ஐயா அல்லது அம்மணி' என்று தொடங்கி நாலு பக்கம் எழுதினார். வந்த கடிதத்தை அச்செடுத்து, உண்மைப் பிரதி என்று சமாதான நீதவானிடம் கையெழுத்தும் றபர் முத்திரையும் வாங்கினார். கிராம சேவையாளரின் கடிதம், பங்குத்தந்தையின் கடிதம், கோயில் தர்மகர்த்தாவின் கடிதம், இருநூற்று நாற்பத்திமூன்று ஒப்பங்கள் எல்லாவற்றையும் இணைத்தார். தபால் உறைக்குள் போட்டிருந்தால் ஒரு மாட்டுவண்டி பிடித்திருக்கும். அடியில், திருவிழாவுக்கு வந்தால் தன் வீட்டிலேயே தங்கலாம் என்றும் எழுதினார்.

நாலாவது நிமிடம் பதில் வந்தது.

"நாலு நிமிசம்!" என்று மாஸ்ரர் கிறேசுக்குப் போனில் சந்தோசத்தில் புளுகினார். "எங்கட கச்சேரி எண்டால் நாலு வருசம். என்ன நிர்வாகம் பாரும்!"

"என்னவாம் மாஸ்ரர்?"

"முந்தி எழுதினதையே திருப்பி எழுதியிருக்கினம்."

அவர் மூன்று தரம் எழுதினார். மூன்று தரமும் அதே கடிதம், ஒரு காற்புள்ளிகூட இடம் மாறாமல் வந்தது. கடைக்கு வெளியே, செயலியை நேரடியாக ஆட்களின் போனில் போட்டுக் கொடுத்தும் பார்த்தார். 'இது உங்கள் போனுக்கு ஆபத்து' என்று சிவப்பு எழுத்து வந்ததும், மணி வாங்கியவர்களில் ஒருவரான தம்பையா போனைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு வேலிக்கு அப்பால் நின்று அது வெடிக்கும்வரை காத்திருந்தார்.

பதின்மூன்றாம் நாள் மாஸ்ரர் தன் கையாலேயே மணியை எடுத்தார். பிள்ளைக்கு மொட்டை அடிப்பது போல இருந்தது.

அடுத்த நாளே கேலி தொடங்கிவிட்டது. பஸ்ஸில், சந்தையில், சலூனில், எங்கே கண்டாலும் ஒரே கேள்வி: "என்ன மாஸ்ரர், உங்கட சீவியகாலம் முடிஞ்சுதோ?" காசைத் திருப்பித் தருகிறேன் என்றால் ஒருவரும் வாங்க மாட்டேன் என்றார்கள். காசை வாங்கினால் பிறகு எதை வைத்துக் கேலி செய்வது?

கிறேஸ் மட்டும் கேலி செய்யவில்லை. அவளுக்கு அது விளையாட்டு இல்லை. அனலைதீவுக் கரையில் நண்டு வாங்கி, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி, அந்தப் படகிலேயே ஊர்காவற்றுறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே கம்பனி லொறி மூன்றரைக்கு வரும். படகு அனலைதீவில் பத்து நிமிடம்தான் நிற்கும். முந்திக் கட்டினால் ஐஸ் தண்ணீராகிவிடும். பிந்திக் கட்டினால் படகு போய்விடும். மணி அடித்தவுடன் கட்டத் தொடங்கினால் கச்சிதமாக இருக்கும். இப்போது மணி இல்லை. இரண்டு கையும் நண்டுக்குள் இருக்க, பொலித்தீன் பைக்குள் கிடக்கும் போனில் ஓசையில்லாமல் வந்து போகும் ஒரு வரியை யார் பார்ப்பது? இரண்டு கிழமைக்குள் மூன்று பெட்டி பழுதாகிவிட்டது.

லொறிக்காரன் றொஜன் நேரே சொல்லிவிட்டான். "அக்கா, இன்னும் ஒரு பெட்டி இப்பிடி வந்தால் உங்களிட்டை எடுக்க ஏலாதாம். கம்பனி சொல்லிப்போட்டுது."

அன்று பின்னேரமே கிறேஸ் வேலணைக்கு வந்துவிட்டாள். மாஸ்ரரின் குசினியில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"மிரோஜன் உமக்கு மட்டும் போனிலை ஒரு அடி அடிச்சுச் சொன்னால் என்ன?" என்றார் மாஸ்ரர்.

"கேட்டனான். எனக்குத் தனிய அடிச்சால் மற்ற இருநூற்று நாப்பத்திரண்டு பேரும் தன்னைக் கடலுக்கை தள்ளுவினமாம். மிச்சத்தைத் தன்ரை மனுசி தள்ளுவாவாம்." அவள் முத்திரை குத்திய கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். "இதிலை என்னதான் எழுதியிருக்கு? ஒரு வரி விடாமல் தமிழிலை சொல்லுங்கோ பாப்பம்."

மாஸ்ரர் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது பந்தியில் கிறேஸ் கையை உயர்த்தினாள்.

"நில்லுங்கோ. திருப்பிச் சொல்லுங்கோ."

"அலாரத்துக்கு மட்டும் விலக்கு. ஆள் தானே நேரம் குறிச்சு வைச்சால் மௌனத்திலும் அடிக்கலாம்."

"அப்ப நான் ஒண்டேகாலுக்குக் குறிச்சு வைச்சால்?"

"ஒண்டேகாலுக்கு அடிக்கும். ஆனால் படகு ஒண்டேகாலுக்கு வெளிக்கிட வேணுமே, பிள்ளை!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இறங்குதுறைப் பலகையில் ஒன்றேகால் என்றுதான் எழுதியிருக்கிறது, அது உண்மை. பெயின்ற் உரிந்து இரண்டு தரம் புதிதாகவும் எழுதியாயிற்று. ஆனால் அந்த நேரத்துக்குப் படகு வெளிக்கிட்டதை உயிரோடு இருக்கும் எவரும் கண்டதில்லை. யாராவது ஒருவர் போன் எடுத்து, "தம்பி, நான் வேலணைச் சந்தியிலை நிக்கிறன்" என்பார். மிரோஜன் நிற்பான். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் தாலியை மறந்துவிட்டு வந்து, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போய் எடுத்து வரும்வரை படகு நின்றது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளையும் பிறந்திருக்கும் என்று சொல்வார்கள்.

கிறேஸ் சிரிப்பை முதலில் நிறுத்தினாள். "கடிதத்தை எடுங்கோ. சேட்டை மாட்டுங்கோ, துறைக்குப் போவம்."

மிரோஜன் இறங்குதுறையில் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். கிறேஸ் கடிதத்தை அவன் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

"தம்பி, அமெரிக்காவிலையிருந்து வந்திருக்கு. வாசி."

"என்னக்கா இது?"

"நேரம் குறிச்ச மணிதான் அடிக்கலாமாம். பதினாலு நாள் தவணையாம். முத்திரையைப் பார்."

மிரோஜன் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டினான். சொல்லும் புரியவில்லை, பொருளும் புரியவில்லை. ஆனால் சமாதான நீதவானின் ஊதா முத்திரை நன்றாகப் புரிந்தது. பிரதேச செயலகம் எழுதிய எத்தனையோ கடிதத்தில் அவன் கச்சான் கடலை சுற்றியிருக்கிறான். இதைச் சுற்ற மனம் வரவில்லை.

"அப்ப என்ரை படகைப் பற்றி அங்கையும் தெரிஞ்சு போச்சோ?" என்றான் மெதுவாக.

நாற்பது வருடம் பொய் சொன்ன பிள்ளைகளை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்திய தில்லைநாதன் மாஸ்ரர் கடலைப் பார்த்து இருமினார்.

"மாஸ்ரர், உண்மையோ?"

"கடிதம் வந்தது உண்மை" என்றார் மாஸ்ரர். கணிதப்படி அதில் பிழை இல்லை.

"சரி. திங்கக்கிழமை துடக்கம்." மிரோஜன் நெற்றியைத் துடைத்தான். "ஆனால் ஆக்களை விட்டிட்டுப் போனால் என்னைத்தான் பேசுவினம்."

"அமெரிக்காவைப் பேசச் சொல்லு" என்றாள் கிறேஸ்.

மாஸ்ரர் இரண்டு நாளில் துறைமணியைத் திருத்தினார். கடை அதை நாலு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது. இருநூற்று நாற்பத்திமூன்று பேரும் தங்கள் கையாலேயே ஒன்றேகால் என்று குறித்து வைத்தார்கள். குறித்துவிட்டு, "பாப்பம், மாஸ்ரர்" என்றார்கள். அந்தப் 'பாப்பம்' அவர் காதுக்கு நல்லதாகக் கேட்கவில்லை. படகு ஒருநாள் பிந்தினாலும் மணி பொய்யாகிவிடும்; கிறேசின் ஐஸும் அவருடைய சீவியகாலமும் சேர்ந்து கரைந்துவிடும்.

திங்கட்கிழமை, முதல் மணியை அக்கரையில் நின்று காதால் கேட்க வேண்டும் என்று மாஸ்ரர் குடையோடு புறப்பட்டார். ஒரு மணிக்கு முன்னமே ஊர்காவற்றுறையில் இறங்கிவிட்டார். ஒன்றேகால் படகென்றால் ஒன்று ஐம்பது. அறுபத்தெட்டு வருட உடம்புக்கு அது சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத கணக்கு. ஆறுதலாகத் தேநீர்க்கடைக்குள் போய் ஒரு பிளேன்ரீயும் வடையும் சொன்னார். சோளகக் காற்று சுகமாக இருந்தது.

பாதித் தேநீர் இறங்கியிருக்கும். கல்லாப்பெட்டிக்குள் மாதாகோயில் மணி அடித்தது. பின்னால் இருந்தவரின் சேட்டுப் பையில் அடித்தது. வெளியே துறையில், படகில், சைக்கிளில், சந்தைப் பையில், ஒரு குழந்தையின் தொட்டில் சீலைக்குள் அடித்தது. ரோமாபுரியிலேயே அவ்வளவு மணி ஒன்றாக அடித்திராது. தன் காற்சட்டைப் பையில் அடிப்பதையும் மாஸ்ரர் ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் இயந்திரச் சத்தம் கேட்டது.

வடையோடு ஓடினார். அவர் துறைக்கு வர, படகு பத்துப் பாகத் தூரம் தள்ளிப் போயிருந்தது.

"நிப்பாட்டு! மாஸ்ரர் நிக்கிறார்!" என்று படகே கத்தியது.

இயந்திரச் சத்தம் தணிந்தது. மிரோஜன் எழும்பி நின்றான். "மாஸ்ரர்! திருப்பட்டோ?"

திருப்பினால் ஏறலாம். திருப்ப மூன்று நிமிடம், அணைக்க இரண்டு, ஏற்ற ஒன்று, மீண்டும் திருப்ப மூன்று. இன்றைக்கு மாஸ்ரருக்கு ஒன்பது என்றால், நாளைக்கு வேலணைச் சந்தியில் நிற்பவருக்குப் பத்து. வெள்ளிக்கிழமைக்குள் தாலி எடுக்கப் போனவருக்கும் படகு நிற்கும். அக்கரையில் கிறேஸ் இந்த நேரம் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்திருப்பாள்.

மாஸ்ரர் குடையை விரித்து வீசினார். "போ! போ! நிக்காதை, போ!"

சோளகம் குடையைப் புரட்டி மேலே தூக்கியது. அவர் புரண்ட குடையோடும் கடித்த வடையோடும் துறை நுனியில் நின்று, போ போ என்று குதித்தார். படகில் கைதட்டல் எழுந்தது. இயந்திரம் உறுமியது. அனலைதீவுப் படகு வரலாற்றில் முதல் தடவையாக, ஒன்றேகாலுக்கு ஒரு நிமிடம் கூடியோ குறைந்தோ, வெளிக்கிட்டுப் போனது.

அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அனலைதீவு முருகேசு, கையில் புது மின்விசிறிப் பெட்டியோடு நின்றார்.

"எங்கை போகுது உது? இப்ப ஒண்டேகால்தானே!"

"அதுதான் போகுது."

முருகேசு படகைப் பார்த்தார். மாஸ்ரரைப் பார்த்தார். "உங்கட வேலையோ?"

"என்ரை வேலைதான்."

"விளங்குவியளோ மாஸ்ரர்? வீட்டிலை மனுசி இந்தக் காத்தாடிக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்!"

மாஸ்ரரின் போன் அடித்தது. அவர் கிறேசுக்காக மௌனத்தை எடுத்து வைத்திருந்தார்.

"மாஸ்ரர், மணி அடிச்சுது! கட்டத் தொடங்கிட்டன். ஐஸ் கல்லு மாதிரி நிக்குது. நீங்கள் படகிலையோ?"

"இல்லைப் பிள்ளை. துறையிலை."

"ஏன்?"

"பிந்திப் போனன்."

மறுபக்கத்தில் கிறேஸ் சிரித்த சிரிப்பு, போன் இல்லாமலே கடல் கடந்து கேட்டிருக்கும்.

முருகேசு பெட்டியைக் கீழே வைத்தார். "அடுத்த படகு எப்ப?"

"நாலரைக்கு."

"பலகையிலை இருக்கிற நாலரையோ, எங்கட நாலரையோ?"

மாஸ்ரர் மின்விசிறிப் பெட்டியின் ஓரத்தில் இடம் பிடித்து இருந்தார். தேநீர்க்கடைக்காரர் வாசலில் நின்று, மிச்சத் தேநீர் ஆறுகிறது என்று கைகாட்டினார். மூன்று மணித்தியாலம் கிடந்தது. ஆனாலும் மாஸ்ரர் எழும்பவில்லை.