தனியாக விடப்பட்ட செல்கள்

காலையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் உதவியாளருக்கு முதல் வேலை, கண்ணாடித் தட்டுகளில் வளரும் மூளைச் செல்களுக்குத் திரவம் மாற்றுவது. அன்று நான்கு தட்டிலும் செல்கள் செத்துக் கிடந்தன. அவள் ஓடிப்போய்த் தலைமை ஆராய்ச்சியாளரை அழைத்து வந்தாள்.

"ஒரு குப்பியில இருந்ததை நாலு தட்டுக்குப் பிரிச்சிட்டேன் மேடம். இடம் தாராளமா இருந்தா நல்லா வளரும்னு நினைச்சேன்."

திட்டு விழும் என்று பார்த்தால், அவர் பெருமூச்சு மட்டும் விட்டார். "செல்லுங்க ரசாயனத்தாலதாம்மா ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்குது. பக்கத்துல துணை இருந்தாத்தான் பிழைக்கும். தள்ளித் தள்ளி வச்சா செத்துப்போயிடும்."

ஒன்பது வருடமாக நெஞ்சில் கிடந்ததை அவள் அப்போதுதான் கேட்டாள். "எம் பொண்ணுக்கு ஆட்டிசம் மேடம். பேச்சு வரலை. வயித்துப் பிள்ளையோட நான் இங்க பாட்டில் கழுவினதாலதான்னு எங்க அண்ணி சொல்றாங்க."

"சில குழந்தைங்களுக்கு அந்தச் சேதிப் போக்குவரத்துல என்ன வித்தியாசம்னுதான் நாம இங்க மண்டையை உடைச்சுக்கிறோம். முழு விடை இன்னும் யாருக்கும் தெரியாது. உங்க அண்ணிக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சாம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

சாயங்காலம் அதே அண்ணி, கணவனின் அக்கா, தன் மகனின் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தாள். உறையில் இரண்டே பெயர்கள். "நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க. அவளை வீட்டுலயே விட்டுடு. நாலு பேர் பார்த்தா ஒரு மாதிரி இருக்கும்."

மகள் வந்து அம்மாவின் மணிக்கட்டில் விரலால் இரண்டு முறை தட்டினாள். கூடவே இரு என்று அர்த்தம். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள யார் வந்தார்கள்?

"போன தடவை இவளை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் உங்க வீட்டு விசேஷத்துக்கு வந்தேன் அண்ணி. திரும்பி வந்தப்ப கதவையே பார்த்துக்கிட்டு, விட்ட இடத்துலயே உட்கார்ந்திருந்தா. பாவி, நான் செஞ்ச காரியம் அது!" அவள் மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "இவ மூளைக்குள்ள என்னன்னு ஆராய்ச்சி பண்றவங்க தேடட்டும். இவளைத் தனியா விடறது நாமதான். அதை நிறுத்த மருந்து எதுக்கு? மனசு இருந்தாப் போதும். இவ வராத கல்யாணத்துக்கு நானும் வரலை."

அண்ணி உறையைத் திரும்பக் கையில் வாங்கினாள். பிறகு கைப்பையில் பேனாவைத் தேடி எடுத்து, ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அந்தக் குழந்தையின் பெயரை எழுதினாள்.

"எம் பக்கத்துல உட்காரட்டும்" என்றாள். "அந்தத் தட்டுறதுக்கு என்ன அர்த்தம்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடு."